ரேட்டிங் பத்துக்குப் பத்து... வரி பத்தாயிரம் டாலர்: அமெரிக்காவில் பள்ளியைப் பார்த்து வீடு வாங்குவது சரியா?

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் கேட்பது எத்தனை பெட்ரூம் என்பதை அல்ல. "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?" என்பதுதான் முதல் கேள்வி. ஏன் அப்படி? அங்கே அரசுப் பள்ளி இலவசம். ஆனால் நல்ல பெயர் எடுத்த அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்றால், அந்தப் பள்ளி இருக்கும் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் வீட்டு விலையும் அதிகம், வருஷா வருஷம் கட்ட வேண்டிய சொத்து வரியும் அதிகம்.

அப்படியென்றால் அந்தக் கூடுதல் பணம் உண்மையில் எதற்குப் போகிறது? நல்ல பாடத்துக்கா, அல்லது நல்ல பெயருக்கா? இந்தியக் குடும்பங்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சி மாநிலத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

பள்ளி மாவட்டம் என்றால் என்ன?

மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வரக் கூடாது. இது வேறு. பள்ளிகளை நடத்துவதற்காக மட்டுமே உள்ள தனி உள்ளாட்சி அமைப்பு இது. ஆசிரியரை வேலைக்கு எடுப்பது, பட்ஜெட் போடுவது, பஸ் விடுவது எல்லாம் இதன் பொறுப்பு. அமெரிக்கா முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒரு சின்ன ஊருக்கே தனியாக ஒன்று இருக்கும். சில இடங்களில் இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து ஒன்றை நடத்தும்.

பெரும்பாலான மாவட்டங்களில் இதை நிர்வகிப்பது மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம். நியூ ஜெர்சியில் வாரிய உறுப்பினருக்கு மூன்று ஆண்டு பதவிக்காலம், சம்பளம் கிடையாது.

பணம் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் நம்ம ஊர் முறைக்கும் அங்குள்ள முறைக்கும் பெரிய வித்தியாசம். சென்னையில் கட்டும் சொத்து வரியிலும் கல்வி வரி என்று ஒரு பகுதி உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கான செலவில் பெரும் பகுதி மாநில பட்ஜெட்டிலிருந்து வருகிறது. அந்த ஏரியாவில் ஒரு கிரவுண்ட் என்ன விலை போகிறது என்பதைப் பார்த்து ஒரு பள்ளியின் பட்ஜெட்டை யாரும் முடிவு செய்வதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. நாடு முழுக்கச் சராசரியாகப் பார்த்தால், அரசுப் பள்ளிகளுக்கு வரும் பணத்தில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதியை மாநில அரசும் உள்ளூரும் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. அந்த உள்ளூர்ப் பங்கின் பெரும் பகுதி சொத்து வரி.

நியூ ஜெர்சியில் வரிச்சுமை அமெரிக்காவிலேயே மிக அதிகம். ஒரு வீட்டுக்கான சராசரி சொத்து வரி பில் 2024-ஆம் ஆண்டு முதன்முறையாக 10,000 டாலரைத் தாண்டியது. இந்த பில் மூன்று பேருக்குப் பிரிகிறது: ஊராட்சிக்கு ஒரு பங்கு, கவுன்ட்டிக்கு ஒரு பங்கு, பள்ளிக்கு ஒரு பங்கு. மாநிலச் சராசரியில் பாதிக்கும் மேல் பள்ளிக்கே போகிறது. பிள்ளை இல்லாதவர், பிள்ளைகள் படித்து முடித்துவிட்ட தாத்தா பாட்டி, தனியார் பள்ளிக்கு அனுப்புபவர் என எல்லோருக்கும் இதே வரிதான்.

வரி விகிதம் குறைவு... பில் அதிகம்! எப்படி?

வீடு தேடுபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "அந்த ஊர்ல வரி 3 சதவீதம், இந்த ஊர்ல 2.2 சதவீதம்தான்" என்று கேட்டதும் இரண்டாவது ஊர் சீப் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த சதவீதம் எதன் மீது போடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வரி போடுவது வீட்டின் சந்தை விலை மீது அல்ல. ஊர் அதிகாரி ஏட்டில் எழுதி வைத்திருக்கும் மதிப்பீட்டின் மீது. சில ஊர்களில் மறுமதிப்பீடு நடந்து பல வருஷம் ஆகியிருக்கும். அங்கே ஏட்டில் உள்ள மதிப்பு சந்தை விலையை விடக் குறைவாக இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். இரண்டு ஊர்களிலும் வீட்டின் சந்தை விலை 6 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஊரில் விகிதம் 3 சதவீதம். ஆனால் ஏட்டு மதிப்பு சந்தை விலையில் 70 சதவீதம்தான், அதாவது 4.2 லட்சம் டாலர். வருஷ வரி 12,600 டாலர்.

இரண்டாவது ஊரில் விகிதம் 2.2 சதவீதம். ஆனால் சமீபத்தில் மறுமதிப்பீடு முடிந்ததால் ஏட்டு மதிப்பும் 6 லட்சம் டாலர். வருஷ வரி 13,200 டாலர்.

விகிதம் குறைவான ஊரில்தான் 600 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது! அதனால் விகிதத்தைப் பார்ப்பதை விட, அந்தக் குறிப்பிட்ட வீட்டுக்குப் போன வருஷம் வந்த பில்லைப் பார்ப்பதே சரி. கூடவே ஊரில் மறுமதிப்பீடு எப்போது நடந்தது, அடுத்தது எப்போது என்றும் கேட்க வேண்டும்.

புதிதாகக் கட்டிய வீடாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. போன வருஷ பில் காலி மனைக்கான பில்லாக இருக்கலாம். வீடு எழும்பிய பிறகு வரும் பில் வேறு லெவல்!

ஒரே பள்ளி, இரண்டு ஊர், இரண்டு வரி

பிரின்ஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வெஸ்ட் விண்ட்சர், பிளெயின்ஸ்பரோ என்ற இரண்டு புறநகர் ஊர்கள் இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க்குக்கு நேரடியாக ரயிலில் போய்வரலாம் என்பதால் ஐடி குடும்பங்களுக்குப் பிடித்த ஏரியா இது. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பள்ளி மாவட்டம்.

ஆனால் வெஸ்ட் விண்ட்சர் இருப்பது மெர்சர் கவுன்ட்டியில். பிளெயின்ஸ்பரோ இருப்பது மிடில்செக்ஸ் கவுன்ட்டியில். கவுன்ட்டி வரி வேறு, ஊராட்சி வரி வேறு. பள்ளிச் செலவையும் சொத்து மதிப்பைக் கணக்கிட்டு இரண்டு ஊருக்கும் பிரிக்கிறார்கள். ஆக, ஒரே பள்ளி மாவட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு குடும்பங்கள், ஒரே விலை வீட்டுக்கு வெவ்வேறு வரி கட்டுகின்றன. "நல்ல ஸ்கூல் வேணும்னா வரி அதிகமாத்தான் இருக்கும்" என்று புரோக்கர் சொன்னால் அது முழு உண்மை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

வரி விஷயம் ஓரளவு புரிந்துவிட்டது. இனி அந்த "நல்ல ஸ்கூல்" என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

10-க்கு 10 ரேட்டிங் எதைச் சொல்கிறது?

வீடு தேடும் தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் பக்கத்துப் பள்ளிகளின் ரேட்டிங் இருக்கும். 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பின் ரேட்டிங்கே அதிகம் பார்க்கப்படுவது. இதன் அடிப்படையில் முக்கியமான ஒன்று, மாநிலத் தேர்வில் மாணவர்கள் எடுக்கும் மதிப்பெண்.

பிரச்சினை என்னவென்றால், சராசரி மதிப்பெண் பள்ளியின் திறமையை மட்டும் காட்டுவதில்லை. வீட்டில் புத்தகம் வாங்கித் தரும் வசதி, டியூஷன், படித்த பெற்றோர், நிம்மதியாகத் தூங்க ஒரு அறை எல்லாம் அந்த மதிப்பெண்ணுக்குள் கலந்திருக்கின்றன. சிம்பிளாகச் சொன்னால், அந்த ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான் ரேட்டிங் பெரும்பாலும் சொல்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஷான் ரியர்டன் நாடு முழுக்க உள்ள பள்ளி மாவட்டங்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டு ஆய்வு செய்தவர். சராசரி மதிப்பெண், குடும்ப வருமானத்தோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு நகர்கிறது என்று அவரது ஆய்வு காட்டியது. ஆனால் ஒரு மாணவர் வருஷத்துக்கு எவ்வளவு முன்னேறுகிறார் என்று பார்த்தால், அது ஊரின் வருமானத்தோடு அவ்வளவாக ஒட்டவில்லை.

இதற்கு அவர் காட்டிய முக்கியமான உதாரணம் சிகாகோ. அங்கே மூன்றாம் வகுப்பில் மாணவர்களின் சராசரி, நாட்டின் சராசரியை விடக் குறைவு. ஆனால் எட்டாம் வகுப்பு வருவதற்குள், ஐந்து வருஷத்தில் ஆறு வருஷப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம் காட்டினார்கள். ரேட்டிங் பட்டியலில் சிகாகோ மேலே வராது. ஆனால் கற்பிக்கும் வேகத்தில் பல பணக்காரப் புறநகர்களை அது முந்தியிருக்கிறது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி "மதிப்பெண் எவ்வளவு?" என்பது மட்டுமல்ல. "உள்ளே வந்த பிள்ளை எவ்வளவு வளர்ந்தது?" என்பதும்தான். நியூ ஜெர்சி கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் ஆண்டறிக்கையில் இந்த வளர்ச்சி எண் இருக்கிறது. முன்பு ஒரே மாதிரி மதிப்பெண் எடுத்த மாணவர்களோடு ஒப்பிட்டு 1 முதல் 99 வரை இதைக் கணக்கிடுகிறார்கள். 50-ஐ ஒட்டி இருந்தால் சராசரி வளர்ச்சி. மதிப்பெண் மிக உயர்வாக இருந்தும் வளர்ச்சி எண் 50-க்குக் கீழே இருந்தால், வீட்டில் நடக்கும் படிப்புக்குப் பள்ளி பெயர் வாங்குகிறதா என்று யோசிக்க வேண்டும். கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பும் 2020-இல் தன் ரேட்டிங் முறையில் வளர்ச்சிக்கு முன்பை விட அதிக இடம் கொடுத்தது.

பெயருக்கு என்ன விலை?

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. பொருளாதார ஆய்வாளர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் பாஸ்டன் புறநகர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளி எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் வீடுகளை மட்டும் ஒப்பிட்டார். அதே தெரு, அதே மாதிரி வீடு, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் அதிகமுள்ள பள்ளிக்காகப் பெற்றோர் சுமார் 2.5 சதவீதம் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பது அவர் கண்டது.

அதாவது வீட்டு விலைக்குள்ளேயே பள்ளியின் பெயருக்கு ஒரு கட்டணம் ஒளிந்திருக்கிறது. விற்கும்போது அது திரும்பக் கிடைக்கலாம், அதே பெயர் அப்போதும் இருந்தால். ஆனால் மாதாமாதம் கட்டும் வரி திரும்பாது.

ரேட்டிங்கில் வராத விஷயம்

மேலே சொன்ன வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டம் 2015-இல் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. காரணம் மதிப்பெண் அல்ல, மன அழுத்தம். மாணவர்கள் மீதான சுமை அளவுக்கு மீறிப் போகிறது என்று மாவட்டக் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். உயர்நிலைப் பள்ளியில் இடைப்பருவத் தேர்வும் இறுதித் தேர்வும் நீக்கப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் அறிவிக்கப்பட்டன.

பெற்றோர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "பிள்ளைங்க மூச்சு விடட்டும்" என்றது ஒரு பக்கம். "தரத்தைக் குறைக்கிறீங்க" என்றது இன்னொரு பக்கம். அப்போது அந்த மாவட்டத்தில் ஆசிய அமெரிக்க மாணவர்களே பெரும்பான்மை. எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் குடியேறி வந்த ஆசியப் பெற்றோர் பலர் இருந்தார்கள். இந்த விவாதம் எந்த ரேட்டிங்கிலும் ஒரு புள்ளியாகக் கூட வராது. ஆனால் அந்த வகுப்பறையில் தினமும் உட்காரப் போகும் பிள்ளைக்கு இதுதான் முக்கியம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்?

வீட்டு மதிப்பை வைத்துப் பள்ளி நடத்தினால், வீட்டு மதிப்பு குறைந்த ஊரின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1967-68 கல்வியாண்டில் ஏழைகள் வாழும் எட்ஜ்வுட் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டது. அதில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது வெறும் 26 டாலர். வசதியான அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் மட்டுமே வரி போட்டது. கிடைத்தது 333 டாலர்! அதிக விகிதத்தில் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குத்தான் குறைவான பணம். மாநில, மத்திய உதவியைச் சேர்த்த பிறகும் 356 டாலருக்கு எதிராக 594 டாலர்.

1973-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் எட்ஜ்வுட் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. கல்வி, அமெரிக்க அரசியலமைப்பு உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்றது. அதன் பிறகு இந்தப் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது.

நியூ ஜெர்சியில் அதே 1973-இல் மாநில உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் நின்றது. உள்ளூர் வரியையே நம்பிய பள்ளி நிதி முறை மாநில அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. அதன் தொடர்ச்சியாக 1976-இல் மாநில வருமான வரி வந்தது. பிறகு 1980-களில் தொடங்கிய 'ஆபட் எதிர் பர்க்' வழக்குத் தொடரில் 31 ஏழைப் பள்ளி மாவட்டங்களுக்கு மாநிலம் கூடுதல் நிதி தர வேண்டும் என்று தீர்ப்புகள் வந்தன. வெஸ்ட் விண்ட்சரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மாநிலத் தலைநகர் டிரென்டனும் அந்த 31-இல் ஒன்று.

ஆனாலும் எல்லைக்கோடு அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒஹையோ மாநிலத்தில் நடந்த சம்பவம் உதாரணம். ஏக்ரன் நகரில் வாழ்ந்த ஒரு தாய், பக்கத்துப் புறநகரில் இருந்த தன் அப்பாவின் முகவரியைக் கொடுத்து இரண்டு மகள்களை அங்குள்ள பள்ளியில் சேர்த்தார். 2011-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்து ஒன்பது நாள் சிறையில் இருந்தார். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் மாநில ஆளுநர் ஜான் கேசிக் அந்தக் குற்றத்தின் தீவிரத்தைக் குறைத்தார். பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்கப் பார்த்தது குற்றமா என்ற கேள்வி அப்போது கிளம்பியது. அது இன்னும் அடங்கவில்லை.

வரி உண்டு, ஓட்டு இல்லை

எச்-1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு வாங்கலாம், வரி கட்டலாம், பிள்ளையைச் சேர்க்கலாம். ஆனால் குடியுரிமை இல்லாததால் நியூ ஜெர்சியில் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப்போட முடியாது.

அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. அம்மாநிலச் சட்டப்படி பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். அங்கே எழுந்து கேள்வி கேட்க ஓட்டுரிமை தேவையில்லை.

இன்னொரு கசப்பான கணக்கு: எச்-1பியில் வேலை போனால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை, வேறு விசா அல்லது ஊர் திரும்புதல். ஆனால் சொத்து வரிக்கு அந்தச் சலுகை கிடையாது. நியூ ஜெர்சியில் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு தவணை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேதி வந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் வங்கி இதை மாதத் தவணையோடு சேர்த்தே வசூலித்துவிடும். வருஷத்துக்கு 13,200 டாலர் வரி என்றால், கடன் தவணை போக மாதம் 1,100 டாலர். கடன் அடைந்த பிறகும் இது நிற்காது.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

* வரி விகிதத்தை அல்ல, அந்த வீட்டின் கடைசி பில்லைப் பாருங்கள். மறுமதிப்பீடு எப்போது என்று ஊர் மதிப்பீட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

* 2 சதவீத உச்சவரம்பை நம்பி இருந்துவிடாதீர்கள். 2010-இல் வந்த நியூ ஜெர்சி சட்டம், ஊரும் பள்ளி மாவட்டமும் வசூலிக்கும் மொத்த வரி வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. அதிலும் விதிவிலக்குகள் உண்டு. அது மொத்த வசூலுக்குத்தான் வரம்பு, தனி வீட்டு பில்லுக்கு அல்ல.

* மாவட்டத்தின் பெயர் போதாது. அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று மாவட்ட அலுவலகத்திலேயே உறுதி செய்யுங்கள். மாவட்டத்துக்குள் பள்ளி எல்லைகள் மாற்றி வரையப்படுவதும் உண்டு.

* சராசரி மதிப்பெண்ணோடு வளர்ச்சி எண்ணையும் பாருங்கள். ஒரே வருஷத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், மூன்று நான்கு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

* பள்ளி வாரியத்தின் கடந்த சில கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். ஆசிரியர் குறைப்பு, புதிய கட்டடக் கடன், மன அழுத்தம் எல்லாம் அங்கேதான் முதலில் பேசப்படும்.

* மத்திய வருமான வரியில் எவ்வளவு கழிக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். மாநில, உள்ளூர் வரிகளுக்கான கழிவு 2018 முதல் 10,000 டாலருக்குள் அடங்கியிருந்தது. 2025-ஆம் வரி ஆண்டில் அது 40,000 டாலராக உயர்த்தப்பட்டது. அதிக வருமானம் உள்ளவர்களுக்கு இது குறையும்.

* வாடகை வீட்டையும் யோசியுங்கள். அதே எல்லைக்குள் அப்பார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைக்கும் அதே பள்ளிதான். வீட்டுக்காரரின் வரியில் ஒரு பங்கு வாடகைக்குள் வந்துவிடும் என்றாலும், வேலை போனால் கிளம்புவது சுலபம். ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு வாங்குவதில் தப்பே இல்லை.

மொத்தத்தில், 9 ரேட்டிங் பள்ளிக்கும் 7 ரேட்டிங் பள்ளிக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் ஆசிரியரிடம் இல்லை, அந்த ஊர்க்காரர்களின் சம்பளத்தில் இருக்கிறது. அந்த இரண்டு புள்ளிக்காக 25 வருஷம் கடனும் வரியுமாக மூச்சு முட்ட வேண்டுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் பட்ஜெட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல பள்ளி முக்கியம்தான். சாயங்காலம் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச, பெற்றோருக்கு நேரமும் நிம்மதியும் மிஞ்ச வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம்.